உத்திராபதி உட்கார்ந்த கதை

வடகரை ஓவியக் கல்லூரியில் ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முக்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டிய மனுஷன் எழுந்திருக்காமல் போய், அன்றையிலிருந்து இரண்டு வருஷமும் சில்லறை நாளும், வலது கையை நெற்றிக்கு மேல் வெயில் மறைப்பாக வைத்துக்கொண்டு, இடது கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தூரத்தில் யாரோ வருகிறதைப் பார்க்கிற மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தார் என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் அது எப்படி முடியும் என்று கேட்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி யாரும் கேட்டதில்லை. எப்படி என்று கேட்கிறதுக்கு முன்னாடி, அவருக்கு யார் சவரம் பண்ணிவிடுவது, ஹாலை எப்படிப் பூட்டுவது, திங்கட்கிழமை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை எங்கே உட்காரவைத்து வரையவிடுவது என்று ஆயிரம் வேலை கிடந்தது.

அந்தக் கல்லூரி ஒரு காலத்தில் நெல் கிடங்கு. வடக்குப் பக்கம் எட்டு ஜன்னல் இருந்ததால், நாள் பூராவும் மாறாத வெளிச்சம் விழும் என்று அந்தப் பெரிய அறையை லைஃப் ஹால் ஆக்கி, அங்கே ஆளை மேடையில் உட்காரவைத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று வரைவார்கள். அப்படி உட்காருகிற ஆள்தான் உத்திராபதி. பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்தவர். இன்றைக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் கண்காட்சி வைத்துக்கொண்டு, தோளில் ஜோல்னாப் பையோடு திரிகிற பெரிய ஆட்களில் பாதிப் பேர் இவருடைய முழங்காலைப் பார்த்துத்தான் முழங்கால் போடக் கற்றுக்கொண்டார்கள். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் வகுப்பில் யாராவது ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்து "ரெஸ்ட்" என்று சொல்வார்கள். இவர் இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்து, பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் போட்டு வைத்த கோட்டுக்குள் திரும்பக் காலை வைத்தால், போன இடத்திலிருந்து ஒரு மயிரிழை தள்ளியிருக்காது. ஆனால் பல நாள் ஓடுகிற நீண்ட போஸின் கடைசி நாளில் அவருக்கென்று ஒரு வைராக்கியம் உண்டு. அன்றைக்கு ரெஸ்ட் கிடையாது. ஹாலில் கடைசித் தாள் முடிகிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டார். சில சமயம் அரைமணி நேரம் கூடும், ஒருதரம் மூன்று மணி நேரம் ஆனது, அவ்வளவுதான்.

அந்தக் கடைசித் தாள் இந்தத் தடவை சிவரஞ்சனி கையில் இருந்தது. அதுதான் எல்லாத்துக்கும் வினை.

சிவரஞ்சனி இளங்கலை கடைசி வருஷம். கையில் சார்க்கோல் கரியை எடுத்துவிட்டால் அவள் போடுகிற முதல் கோட்டைப் பார்க்க மற்ற பிள்ளைகள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நிற்பார்கள். அப்படி ஒரு கோடு. ஆனால் ஆரம்பிக்கத்தான் தெரியும் அந்தப் பெண்ணுக்கு. முடிக்கிறது என்பது அவள் ஜாதகத்திலேயே இல்லை. விடுதி அறையில் பாதி பின்னிய ஸ்வெட்டர், பாதி படித்த புத்தகம், பாதி எழுதிய கடிதம், கட்டிலுக்கு அடியில் பாதி பாதியாக நானூறு தாள். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். வரையும்போது ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பாள், தலைமுடியை அவிழ்த்துக் கட்டுவாள், கட்டியதை அவிழ்ப்பாள், தோளை ஒரு துணியால் துடைத்து அழித்துவிட்டு அதைவிட நல்ல தோள் ஒன்று போடுவாள், அதையும் அழிப்பாள். பேராசிரியர் தேவசகாயம் சார் அவளைப் பார்க்கும்போதெல்லாம், ஏம்மா, உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு இருக்கிற பொறுமை நிற்கிற ஆளுக்கு இல்லையே என்று தலையில் அடித்துக்கொள்வார்.

இதில் இன்னொன்றும் இருந்தது, அது யாருக்கும் தெரியாது. பட்டுக்கோட்டையில் அவள் அப்பா ஃப்ளெக்ஸ் போர்டு கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எல்லாம். படிப்பு முடிந்ததும் நீதான் கடையில் கம்ப்யூட்டரில் உட்காரப் போகிறாய் என்று கல்லூரியில் சேர்த்துவிட்ட அன்றைக்கே சொல்லிவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. மகளுக்கென்று சுழல் நாற்காலி கூட வாங்கிப் பாலிதீன் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தார். லீவுக்கு ஊருக்குப் போனாலும் சிவரஞ்சனி கடைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டாள். படிப்பு முடிந்தால்தானே நாற்காலி.

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பதினாலு தாள் முடிந்துவிட்டது. பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கை கழுவிவிட்டு வந்து சிவரஞ்சனியைச் சுற்றி நின்றார்கள். ஐந்து மணியானது. ஆறு மணிக்கு வெளிச்சம் போனது. நாளைக்கு வருகிறேன் அண்ணே, நீங்கள் எழுந்திருங்கள் என்று அவள் சொன்னாள். உத்திராபதி உதட்டை மட்டும் அசைத்து, பரவாயில்லை பாப்பா, மெதுவா முடி என்றார். சனிக்கிழமை காலையில் வாட்ச்மேன் வந்து பார்த்தால் ஆள் அப்படியே இருக்கிறார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். பசிக்கிறதா என்றால் இல்லை. மற்ற தேவைகளைப் பற்றிக் கேட்டதற்கு, எந்திரிச்சாத்தானேப்பா அதெல்லாம் என்று பதில் சொன்னார். கண்ணும் வாயும் தவிர ஒன்றும் அசையவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள், மேடையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இம்மியும் நகரவில்லை.

தேவசகாயம் சார் அனுபவசாலி. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ கையெழுத்தைப் போட்டுத் தொலை, முடிந்தது என்று சொல் என்றார். அவளும் போட்டாள். அண்ணே, முடிஞ்சுது, ரெஸ்ட் என்றாள். உத்திராபதி கண்ணை ஒருதரம் சிமிட்டிவிட்டு, அவளுடைய கட்டைவிரல் இன்னும் சார்க்கோலை உருட்டிக்கொண்டிருக்கிறதே என்றார். உண்மைதான், உருட்டிக்கொண்டுதான் இருந்தது. அவள் கூட்டாளி முபாரக் வந்து, தள்ளு நான் முடிக்கிறேன் என்று பத்து நிமிஷத்தில் கையும் காதும் போட்டு முடித்தான். அதுவும் செல்லவில்லை. தாள் யாருடையதோ முடிவும் அவர்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. வேறு புதுத் தாளில் அவள் வரைந்ததும் செல்லவில்லை, ஏனென்றால் கடைசித் தாள் அது இல்லை. சரி, இதற்கு மேல் ஒன்றும் பண்ண முடியாது என்று முதல்வர் மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மேற்படி மாடல் பணியில் இருப்பதால் பணியிடத்தில் இருப்பதில் ஆட்சேபம் ஏதும் இல்லை என்று ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது.

அப்புறம் ஊர் அவரை எடுத்துக்கொண்டது. மாதம் இரண்டு தரம் முபாரக் வந்து சவரம் பண்ணி நகம் வெட்டிவிட்டான், அவன் மாமா சலூன் வைத்திருந்ததால் அவனுக்கு அந்தக் கை இருந்தது. ரேஷன் கடைக்காரர் விரல் ரேகை வைக்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து மேடை மேல் ஏறி, நெற்றியோரம் இருந்த கட்டைவிரலில் அதை ஒற்றி எடுத்துக்கொண்டு போனார். ஆனி மாதத்தில் மடங்கியிருந்த முழங்கையில் ஒரு குளவி வந்து மண்கூடு கட்டியது. குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை உண்டாகும் என்று ஊரெல்லாம் சிரித்தது. அந்த வயதில் உத்திராபதிக்கே வெட்கமாகிவிட்டது. ஆனால் ஆடி கடைசியில் அவர் மகள் ரேவதி முழுகாமல் இருக்கிறாள் என்று திருவாரூரிலிருந்து போன் வந்ததும் சிரிப்பெல்லாம் நின்று, கல்யாணமாகிப் பல வருஷமான பெண்கள் வந்து அந்த முழங்கையைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். அப்புறம் அவர் பார்வையில் பட்டால் நல்லது என்று யார் கிளப்பிவிட்டார்களோ, புது வண்டி வாங்கியவன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான், பரீட்சைக்குப் போகிற பிள்ளை ஹால் டிக்கெட்டோடு வந்தது, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை வந்து அவர் கண்ணுக்கு நேரே நின்று சட்டையைச் சரிபண்ணிக்கொண்டான்.

அவர் கண்ணுக்கு நேரே என்றால் அது சிவரஞ்சனி தாளை மாட்டி வரைகிற ஈஸல் நிற்கிற இடம். நாளைக்கு நாற்பது பேர் வந்து, கொஞ்சம் தள்ளிக்க பாப்பா என்பார்கள். அவள் ஈஸலைத் தூக்கி ஒரு அடி நகர்த்துவாள், அவர்கள் போனதும் திரும்ப வைப்பாள். தள்ளி நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா? மூக்கு கொஞ்சம் கூடப் போச்சு, காது சின்னதா இருக்கு, அந்த மனுஷன் இவ்வளவு கருப்பில்லையே என்று வந்தவர் போனவரெல்லாம் சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னதையெல்லாம் அவள் கேட்டாள் என்பதுதான் கஷ்டம். மூக்கைக் குறைத்தாள், குறைத்த மூக்குக்குக் கன்னம் பொருந்தவில்லை, கன்னத்தை அழித்தாள், அதற்குள் சாயங்காலமாகிவிடும்.

எல்லாரையும்விட அதிகம் வந்தவள் உத்திராபதியின் மனைவி குஞ்சம்மாள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிற வேலை அவளுக்கு. வேலை முடிந்ததும் தூக்குச்சட்டியோடு வந்து மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, அவருக்குத்தான் பசி இல்லையே, தான் மட்டும் சாப்பிட்டுக்கொண்டு அன்றைக்கு மண்டபத்தில் நடந்ததையெல்லாம் சொல்வாள். பெண்ணின் தாய்மாமன் கோபித்துக்கொண்டது, வடை பற்றாமல் போனது, மாப்பிள்ளைத் தோழன் செருப்பு காணாமல் போனது, ஒன்று விடாமல். இருபத்தெட்டு வருஷத்தில் இப்போதுதான் இந்த ஆள் நான் பேசுகிறதைப் பாதியில் எழுந்து போகாமல் கேட்கிறார் என்று முதல் வருஷம் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமானால் அவளும் ஈஸல் பக்கம்தான் வந்து நிற்க வேண்டும். பேரப்பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் ரேவதி தூக்கிக்கொண்டு வந்தபோது, குஞ்சம்மாள் அதை வாங்கி அங்கே நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். உத்திராபதிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்க முடியவில்லை, சிவரஞ்சனிதான் போய்த் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். துப்பட்டாவில் இருந்த கரி அவர் கன்னத்தில் அப்பிக்கொண்டது.

இதற்கிடையில் கல்லூரிக்காரர்கள் அவளை இளங்கலையில் தேற வைத்துவிட்டார்கள். மற்ற தாள்களுக்கு மார்க் போட்டு, இந்த ஒன்றுக்கு நேராக 'நடப்பில் உள்ளது' என்று எழுதினார்கள். முதுகலைக்கு அவள் விண்ணப்பம் போட்டபோது நேர்முகமே வைக்கவில்லை, உன்னை வெளியே அனுப்பினால் இந்த மனுஷனை யார் எழுப்புவது என்றார்கள். அவள் அப்பா பட்டுக்கோட்டையிலிருந்து ஆத்திரமாகக் கிளம்பி வந்தார். வந்தவர் ஹாலுக்குள் நுழைந்து உத்திராபதியைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் அவரையே சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு போய், கோயில் திருவிழாவுக்கு உத்திராபதி தலையில் கிரீடம் வைத்து, பின்னால் சிங்கம் ஒன்றை நிறுத்தி, இருபதடிக்கு ஃப்ளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்து தானே கட்டினார். ஊரே நின்று பார்த்தது. ரொம்ப நன்றாக இருந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், உத்திராபதி உள்பட. சிவரஞ்சனி அன்றைக்கு விடுதியில் சாப்பிடவில்லை.

முதுகலையில் அவளுக்கு வேறு வேலையே இல்லை. மற்றவர்கள் வீடியோ எடுத்தார்கள், துணியில் தைத்தார்கள், பழைய சைக்கிளை அறுத்து ஒட்டினார்கள். இவளுக்கு அந்த ஒரு தாள்தான். அழித்து அழித்துத் தாள் மெலிந்து போனதால் பின்னால் துணி வைத்து ஒட்டினாள். கறுப்பு ஏறி ஏறி அது ஒரு தோல் மாதிரி ஆகிவிட்டது. தேவசகாயம் சார் வந்து பார்த்துவிட்டு, தாளின் ஓரத்தைத் தடவிவிட்டுப் போவார்.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில், மூன்று நாள் விடாத மழை, பார்வைக்கு நிற்க ஒருத்தரும் வரவில்லை. ஹாலில் இவர்கள் இரண்டு பேர்தான். யாரும் மூக்கைப் பற்றிச் சொல்லவில்லை. காலை பதினொரு மணி இருக்கும், காதுக்குக் கீழே ஒரு சின்ன நிழலை விரலால் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். முடிந்திருந்தது. இன்னொரு கோடு போட்டால் கெட்டுவிடும், ஒரு கோட்டை எடுத்தாலும் கெட்டுவிடும், அப்படி நின்றது அது. அப்படி ஒன்றைத் தன் கை பண்ணும் என்று அவள் நினைத்ததே இல்லை. சந்தோஷத்தில் அழுகை வந்தது. அப்போது மேடையிலிருந்து ஒரு நீளப் பெருமூச்சு கேட்டது. நிமிர்ந்து பார்த்தாள். உத்திராபதியின் தோள் இறங்கியது. நெற்றியில் இருந்த கை ஒரு விரற்கடை கீழே வந்தது. குளவிக் கூட்டிலிருந்து மண் உதிர்ந்தது.

இனி அவர் எழுந்திருப்பார், மேடை காலியாகும், முதல்வர் கை கொடுப்பார், சர்டிஃபிகேட் வரும், அப்பா வருவார், பாலிதீன் உறையைப் பிரிப்பார். இவ்வளவும் அவள் கண்ணுக்கு முன்னால் ஒரு நொடியில் போனது. கட்டைவிரல் தானாகப் போய்க் காதை ஒரு இழுப்பு இழுத்தது. காது கரைந்தது.

மேலே கை திரும்ப நெற்றிக்கு ஏறி நின்றுவிட்டது. மழை பெய்துகொண்டே இருந்தது.

அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் ஆற்றங்கரை ஓரமாகவே நடந்து அடுத்த ஊர்வரைக்கும் போய்விட்டு வருவாள். தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு ஜன்னலண்டை போய் நிற்பாள், திரும்பி வந்தால் சோறு காய்ந்திருக்கும். செய்தது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு மனுஷனை, தெரிந்தே, தன் சௌகரியத்துக்காகத் திரும்பப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் முபாரக்கைத் தேடிப் போனாள், இரண்டு தரமும் தூரிகை கடன் கேட்டுவிட்டு வந்தாள். அந்தக் காதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால் பாவம் தீர்ந்துவிடும் என்று நினைத்துக் காதைத் தொட்டால் கழுத்து போனது, கழுத்தைத் தொட்டால் தோள் போனது. குஞ்சம்மாள் வந்து உட்கார்ந்தால் இவளுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியாது. ஒருநாள் அவள் சாப்பிட்டுவிட்டுத் தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே, புருஷனைப் பார்க்காமல் இவளைப் பார்த்துச் சொன்னாள்.

"வீட்டுல பாயி இருக்கு பாரு, நான் படுக்கிற பக்கம் கோரை எல்லாம் பிரிஞ்சு போச்சு. அவரு பக்கம் இன்னும் புதுசாவே இருக்கு பாப்பா."

சிவரஞ்சனி ஈஸலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சித்திரை பிறந்தது. முதுகலைக் கடைசி மதிப்பீட்டுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வருகிற நாள் குறித்தார்கள். வருகிறவர் பெரிய ஆள், உத்திராபதியின் முழங்காலைப் பார்த்துப் படித்தவர்களில் ஒருத்தர். ஹாலை வெள்ளையடித்தார்கள், கூட்டம் வரக்கூடாது என்று வாசலில் கயிறு கட்டினார்கள். அந்த வாரம் குஞ்சம்மாள் வரவில்லை. முதல் நாள் வெளியூர்க் கல்யாணமாக இருக்கும் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் உத்திராபதி வாட்ச்மேனிடம் கேட்டார். நாலாம் நாள், அதுதான் மதிப்பீட்டு நாள், காலையில் முபாரக் ஓடி வந்தான். மண்டபத்துச் சமையல்கட்டில் எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து நாலு நாளாக, அவருக்குத் தெரிய வேண்டாம் என்று மறைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், இன்றைக்குச் சாயங்காலம் ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள், அவர் வராமல் உள்ளே போக மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், இன்றைக்கு விட்டால் இந்த டாக்டர் திரும்ப எப்போது வருவாரோ என்று ரேவதி அழுகிறாள். இவ்வளவையும் ஈஸல் பக்கத்தில் உத்திராபதியின் கண்ணுக்கு நேரே நின்று சொன்னான். சொல்லிவிட்டு, நான் போய் அந்த அம்மாவோடு இருக்கிறேன் என்று திரும்ப ஓடினான்.

அப்புறம் உத்திராபதி பேசினார்.

"பாப்பா, ஐப்பசியில நீ காதைத் தேச்சே."

சிவரஞ்சனி ஈஸலை விட்டு மேடைக்குக் கிட்டே போனாள். "தெரியுமாண்ணே?"

"என் காது எனக்குத் தெரியாதா."

"அப்பவே ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"உக்கார்றது என் வேலை. முடிக்கிறது உன் வேலை. உன் வேலையில நான் வாய் வைக்கக்கூடாதுன்னு இருந்தேன்." அவருடைய குரல் அசையாத உடம்புக்குள்ளிருந்து தேய்ந்து வந்தது. "இன்னைக்கு வைக்கிறேன். அவ என்னைத் தேடிக்கிட்டுக் கெடக்குறா பாப்பா. என்னை விட்டுடு."

இருபத்தொரு வருஷத்தில் யாரிடமும் ஒரு ரெஸ்ட் கூடக் கேட்டு வாங்காத மனுஷன் அவர். அவளுக்கு அழக்கூட நேரம் இல்லை. சார்க்கோலை எடுத்தாள். மணி ஒன்பதரை. ஐப்பசியில் வந்ததைத் திரும்ப வரவழைத்துவிட வேண்டும் என்று வெறியோடு போட்டாள், காதைக் கொண்டுவந்தாள், அது வேறு யாருடைய காதாகவோ இருந்தது, அழித்தாள், திரும்பக் கொண்டுவந்தாள், அழித்த இடத்தில் தாள் கிழிந்து பின்னால் ஒட்டிய துணி தெரிந்தது, துணிமேலேயே போட்டாள். முடியை அவிழ்த்துக் கட்டவில்லை, காலை மாற்றி நிற்கவில்லை. பன்னிரண்டு மணி ஆனது. ஒன்றரை ஆனது. தேவசகாயம் சார் எட்டிப் பார்த்து, தேர்வாளர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், மூன்று மணிக்கு இங்கே வருவார், நீ பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும், முகத்தைக் கழுவிக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டேகாலுக்கு அவள் இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள். படம் மோசமாக இருந்தது. மோசம் என்றால் சும்மா மோசம் இல்லை, முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட இப்படி வரைந்து காட்டாது. காது கிழிந்து தொங்கியது, கழுத்து ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம், நெற்றிக்கு மேலே இருந்த கையில் ஆறு விரலோ என்று எண்ண வேண்டியிருந்தது. இதைப் பார்க்கத்தான் அந்தப் பெரிய ஆள் வருகிறார். இதற்குத்தான் ஆறு வருஷம். இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் சரிபண்ணிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த எண்ணம் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிற அந்தப் பொம்பிளையை நினைத்தாள். நாற்காலியா, சரி, நாற்காலி என்று நினைத்தாள். சார்க்கோலைப் பலகையில் வைத்தாள். வைத்த கையைத் துப்பட்டாவில் நன்றாக, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு நாளில் கரி இல்லாத கையை அவள் பார்த்ததே இல்லை. அடுத்த கோடு என்ன என்று அவளுக்குள்ளே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற ஒன்று அப்போது ஓடவில்லை.

கீழே பேர் எழுதவில்லை, தேதி போடவில்லை. மேடையைப் பார்த்துத் திரும்பிச் சொன்னாள்.

"இது நல்லா வரலை அண்ணே. ஆனா முடிஞ்சுது. ரெஸ்ட்."

உத்திராபதியின் கை நெற்றியிலிருந்து இறங்கியது. குளவிக் கூடு மேடையில் விழுந்து பொடியானது. இரண்டு வருஷமாக வெளிச்சம் படாமல் இருந்த நெற்றி, கை இருந்த அளவுக்கு வெளுத்துப்போய்த் தெரிந்தது. அவர் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார், கழுத்தை இடது பக்கம் திருப்பினார், வலது பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருப்பதே மறந்துபோன மாதிரி அதைக் கொஞ்சம் பார்த்தார். எழுந்து நின்றார். சாக்பீஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை எடுத்து வைத்ததும் அது மடங்கியது. சிவரஞ்சனி ஓடிப்போய் அவருடைய கையை இழுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு, இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

வாசல் கயிற்றைத் தாண்டும்போது தேவசகாயம் சாரும் தேர்வாளரும் எதிரே வந்தார்கள். உன் வைவா என்று சார் ஆரம்பித்தார். அவள் நிற்கவில்லை. படம் உள்ளே இருக்கிறது சார், பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாள். தேர்வாளர் உத்திராபதியைப் பார்த்ததும் ஒதுங்கிக் கும்பிட்டார்.

தெருவில் ஆட்டோ நின்றது. அவள் கை காட்டினாள். உத்திராபதி ஆட்டோவுக்குள் இருந்த சீட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மறுபடியும் உக்காரச் சொல்லாதே பாப்பா. நடந்தே போயிடுவோம்."

ஆஸ்பத்திரி ஒன்றரை மைல். சித்திரை வெயில். கடைத்தெருவில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று வழிவிட்டார்கள், யாரும் பக்கத்தில் வந்து தொடவில்லை, அந்தப் பெண்ணிடமிருந்து அவரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர் ஒவ்வொரு அடிக்கும் அவள்மேல் சாய்ந்தார். அவளுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது, முதுகு வளைந்தது, செருப்பு தார்ச்சாலையில் அழுந்தியது, மூச்சு வாங்கியது. அந்த முழங்காலை, அந்தத் தோளை, அந்தக் கழுத்தை அவள் எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பாள், எத்தனை ஆயிரம் தடவை அழித்திருப்பாள். அந்த மனுஷன் இவ்வளவு கனமாக இருப்பார் என்று அவளுக்கு அன்றைக்கு வரைக்கும் தெரியவே தெரியாது.